செங்காந்தள் வளர்க்க முழு வழிகாட்டி: கிழங்கின் முனையில் தொடங்கி விதை வரை

முதல் வருடம் ஆறு கிழங்கு நட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மண் சரியில்லையோ, தண்ணீர் போதவில்லையோ என்று நானாகவே ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டு, ஐப்பசியில் பொறுமை போய்த் தோண்டிப் பார்த்தால், ஆறும் போட்டது போட்டபடி கிடக்கின்றன. அழுகவும் இல்லை, துளிர்க்கவும் இல்லை. மூலனூர்ப் பக்கம் இதையே பயிராகப் போட்டிருக்கும் என் மாமா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முனையை உடைச்சுப் போட்டு நட்டிருக்கியே கண்ணு, இது எங்கிருந்து முளைக்கும்?" என்றார். வாங்கி வந்த பையில் ஒன்றோடொன்று உரசி, நான் வேறு மண்ணைத் தட்டுகிறேன் என்று தரையில் தட்டி, எல்லா முனையும் போயிருந்தது. இந்த வழிகாட்டியில் பாதி அந்த முனையைப் பற்றித்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

செங்காந்தளுக்கு நம் ஊரில் பெயருக்குப் பஞ்சமில்லை. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ, இலாங்கலி எல்லாம் இதுதான். மலையாளத்தில் மேந்தோன்னி. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஒரு நம்பிக்கை, அதில் வந்தது முதல் பெயர். நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கலப்பை என்ற பெயர் கிழங்கின் வடிவத்துக்கு வந்தது, கையில் எடுத்தால் உடனே புரியும். தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா, லின்னேயஸ் 1753இல் வைத்தது. தமிழ்நாட்டுக்கு மாநில மலர், ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர். 1947இல் இளவரசியாக இருந்த எலிசபெத்துக்கு 21வது பிறந்தநாள் பரிசாக அன்றைய தெற்கு ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த வைர ப்ரூச்சும் இந்தப் பூவின் வடிவம்தான்.

காட்டில் இது அடர்ந்த நிழலில் இருக்காது. காட்டோரம், புதர்க்காடு, வேலி, பாறை இடுக்கு, இப்படி வேருக்கு நிழலும் தலைக்கு வெயிலும் கிடைக்கிற இடமாகப் பார்த்துக் கிளம்பும். ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா வரை இதன் பூர்விகம். ஆஸ்திரேலியாவில் அழகுக்காகக் கொண்டுபோய் வைத்தது கடற்கரை மணல்மேடுகளில் பரவி, அங்கே களை என்று பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் காட்டில் நிலைமை தலைகீழ், கிழங்குக்காகத் தோண்டித் தோண்டி நிறைய இடத்தில் அருகிவிட்டது.

முதலில் விஷத்தைப் பேசிவிடலாம்

இந்தச் செடியில் வேர் முதல் விதை வரை கோல்சிசின் என்கிற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் போகாது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வற்றாளைக்கிழங்கு, அதாவது நம் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். இதில் மோசமான சங்கதி, சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாய் தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பிக்கும், பார்க்கிறவர்கள் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஓம வாட்டர் கொடுத்துவிட்டு இருப்பார்கள். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாக அடிவாங்கும். பிழைத்தவர்களுக்குக்கூட ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்தாகக் கொட்டும். இதற்கென்று கடையில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் கிடையாது. அதனால் யாராவது வாயில் வைத்தார்கள் என்று தெரிந்தால் அறிகுறி வருகிறதா என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், மிச்சக் கிழங்கையோ செடியின் துண்டையோ ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

தவழும் குழந்தையோ, மண்ணைத் தோண்டுகிற நாயோ வீட்டில் இருந்தால் இந்தச் செடி இப்போதைக்கு வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், சிலருக்குச் சாறு பட்டால் தோல் எரியும். கிழங்கு வெட்டுகிற கத்தி சமையலறைக்குள் வரக்கூடாது. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் இதை நஞ்சு நீக்கிச் சுத்தி செய்து மருந்தாக்குகிறார்கள்தான், அதை நாம் வீட்டில் முயற்சிக்கிற பேச்சே வேண்டாம்.

இதே கோல்சிசின்தான் கௌட் என்ற மூட்டு வீக்கத்துக்கு மாத்திரையாக வருகிறது, செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். விதையில்லாத் தர்பூசணிக்குத் தாய்ச்செடி உருவானது அந்த வழியில்தான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கமெல்லாம் ஏக்கர் கணக்கில் இதைப் பயிர் செய்வதும் பூவுக்காக இல்லை, விதைக்காக. மருந்துக் கம்பெனிகளுக்கு ஏற்றுமதியாகிறது.

கிழங்கை எங்கே, எப்படி வாங்குவது

விதையிலிருந்தும் வரும், ஆனால் பூ பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகிவிடும். கிழங்கு போட்டால் அதே வருடம் பூத்துவிடும். காப்புக்காட்டில் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றம், அது போக அங்கே மிச்சமிருப்பதே கொஞ்சம். மேலே சொன்ன ஊர்களில் பயிர் செய்கிறவர்களிடம் கேட்டால் சித்திரை வைகாசியில் விதைக்கிழங்கு கிடைக்கும். நர்சரிகளிலும் கிடைக்கும், விலைதான் கூட.

இது இஞ்சி மஞ்சள் மாதிரி மண்ணுக்குள் கிடக்கிற தண்டுதான், பாடப்புத்தகத்தில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்போம். இஞ்சியில் கணுவுக்குக் கணு முளை உண்டு, ஒரு துண்டு உடைந்தாலும் அடுத்தது வரும். செங்காந்தளுக்கு அந்த வசதி கிடையாது. கிழங்கு கவட்டை மாதிரி இரண்டு கையாகப் பிரிந்திருக்கும், சிலது ஒரு கை நீண்டு மறு கை குட்டையாக இருக்கும். இரண்டு கையும் சேருகிற முடுக்கில் போன வருடத் தண்டு இருந்த தழும்பு தெரியும். முளை இருப்பது கைகளின் நுனியில், ஒரு கைக்கு ஒன்றே ஒன்று. விரல் நகத்தைவிடச் சின்னதாக, வெளிறிப்போய், கொஞ்சம் கூர்மையாக இருக்கும். அது போனால் அந்தக் கை போச்சு.

ஆகவே வாங்கும்போது எடையைவிட நுனியைப் பாருங்கள். நுனி முழுசாக, அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். கறுத்துச் சுருங்கியிருந்தால் வேண்டாம். 50, 60 கிராம் இருக்கிற கிழங்கு முதல் வருடமே நன்றாகப் பூக்கும், விரல் பருமனுக்குக் கீழே இருந்தால் இலையோடு நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, மரத்தூளோ தேங்காய்நாரோ போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். முட்டை கொண்டுவருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நடுவது

ஆடி. ஆனி கடைசியில் மழை விழுந்திருந்தால் அப்போதே நடலாம். தை மாசியில் கொடி காய்ந்ததிலிருந்து வைகாசி வரை கிழங்கு தூக்கத்தில் இருக்கும், அந்த நேரத்தில் நட்டுத் தினம் தண்ணீர் ஊற்றினால் அது எழுந்திருக்காது, அழுகத்தான் செய்யும். எழுப்புவதற்கு வேறு வித்தை எதுவும் நான் பார்க்கவில்லை. நுனி லேசாக வீங்கி, வெள்ளைப் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தால் அதுவே நாள் பார்த்துக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

மண், தொட்டி

தண்ணீர் தேங்கக்கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்தால் போதும். களிமண் பூமியாக இருந்தால் ஒரு அடி உயரத்துக்குப் பார் போட்டு அதன்மேல் நடுங்கள். தொட்டி என்றால் ஆழம் குறைந்தது ஒரு அடி வேண்டும், ஒன்றேகால் இருந்தால் நல்லது. ஏனென்றால் நீங்கள் நடுகிற கிழங்கு இந்த வருடத்தோடு சுருங்கிச் செத்துவிடும், அதற்குப் பதிலாகப் புதுக் கவட்டை ஒன்று கீழ்நோக்கி இறங்கி உருவாகும். ஆழம் இல்லாத தொட்டியில் அது அடியில் முட்டிக் கோணிக்கொண்டு, கடைசியில் எடுக்கும்போது நுனி உடையும். மறுபடி அந்த நுனிதான்!

நடுவதற்கு முன் கிழங்கை ட்ரைகோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தண்ணீரில் அரை மணி முக்கி, நிழலில் ஆறவிட்டு நடுகிறேன். பயிர் செய்கிறவர்கள் பெரும்பாலும் கார்பென்டாசிம் என்கிற பூஞ்சைக்கொல்லி மருந்தில் முக்குகிறார்கள். நான் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவன், எனக்கு முதலாவதே போதுமாக இருக்கிறது.

நடும் முறை

கவட்டையை அப்படியே நடலாம், அல்லது முடுக்கில் பிரித்து இரண்டாக நடலாம். பிரிப்பதாக இருந்தால் கையால் ஒடிக்காமல் கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். முதல் தடவை நடுகிறவர்கள் பிரிக்கவே வேண்டாம்.

மண்ணில் மூன்று நான்கு விரல் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, கிழங்கைப் படுக்கவையுங்கள். செங்குத்தாகக் குத்தி நடாதீர்கள். நுனி இருக்கிற பக்கம் தொட்டியின் நடுவைப் பார்க்க இருக்கட்டும், முளை எங்கே வெளியே வரும் என்று தெரிந்தால்தான் குச்சியைச் சரியான இடத்தில் நட முடியும். மண்ணைக் கையால் தூவி மூடுங்கள், அழுத்த வேண்டாம். ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு, அப்புறம் முளை தெரிகிற வரைக்கும் மேல்மண் காய்ந்தால் மட்டும் விடுங்கள். தரையில் நட்டால் ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளி விடுங்கள்.

இரண்டு வாரத்திலும் வரும், ஒரு மாதமும் ஆகும். ஒரே பெட்டியிலிருந்து ஒரே நாள் நட்டதில் ஒன்று பன்னிரண்டாம் நாளும் இன்னொன்று நாற்பதாம் நாளும் வந்தது எனக்கு. தோண்டிப் பார்க்காதீர்கள். தோண்டுகிற விரல்தான் முதலில் அந்த முளையில் படும்.

பந்தல் இல்லை, புதர் வேண்டும்

முளை வெளியே வந்தால் ஈர்க்குச்சி பருமனில் நேராக மேலே போகும், முதல் ஒரு அடிக்குக் கிளையே இருக்காது. அதன்பிறகுதான் வேடிக்கை. இலையின் நுனியே நீண்டு, மெலிந்து, நுனியில் சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். பாகலுக்கும் புடலைக்கும் இருப்பது மாதிரித் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையே கை. அந்தக் கை சின்னது, அதனால் தடிமனான மூங்கிலையோ பைப்பையோ அதனால் பிடிக்க முடியாது. குச்சி குச்சியாகக் கிளைத்த காய்ந்த விராலி மிளார், மெல்லிய கம்பி வலை, இதெல்லாம்தான் ஒத்துவரும். எங்கள் பக்கம் வேலிக்குப் போடுகிற கிளுவையிலேயே கொடியை ஏற்றிவிடுகிறார்கள், கிளுவை உயிரோடு நின்றபடி நிழலும் கொடுக்கும்.

ஆதரவை நடும்போதே குத்திவிடுங்கள், கொடி வந்தபிறகு குத்தினால் கிழங்கில் ஏறும். கொடி ஆறேழு அடிக்குக் குறையாமல் போகும், தரையில் இன்னும் கூட. ஒரே தண்டு மேலே போய்க் கிளைக்கிற செடி என்பதால், அடியில் அது ஒடிந்தால் அந்த வருடம் முடிந்தது. காற்று அடிக்கிற மாடியாக இருந்தால் முதல் ஒரு அடியைத் துணிக்கயிற்றால் தளர்வாகக் கட்டிவையுங்கள். கொடியை நீங்களாக வளைத்துச் சுற்றப் பார்க்காதீர்கள், நறுக்கென்று ஒடியும்.

தண்ணீரும் உரமும்

வளரும்போது மண் ஈரமாக இருக்கட்டும், சொதசொதவென்று வேண்டாம். மழை நாளில் விடவே வேண்டாம். காலை வெயில் படவேண்டும், மத்தியான வெயில் வடிகட்டி வந்தால் நல்லது, தொட்டியின் பக்கவாட்டில் நேர் வெயில் அடிக்காமல் முன்னால் இன்னொரு செடியை வைத்து மறையுங்கள். உரம் என்று பார்த்தால் முளை வந்த ஒரு மாதத்தில் ஒரு கை மண்புழு உரம், மொட்டு வரும்போது இன்னொரு கை. அவ்வளவுதான். தழைச்சத்தைக் கொட்டினால் இலை கருகருவென்று வரும், பூ வராது.

கறுப்புப் புழு

எந்தப் பூச்சியும் வராது, விஷச் செடியாயிற்றே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதிக் கொடி மொட்டை. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழுக்கள், விளக்குமாற்றுக் குச்சியில் பாசி கோத்த மாதிரி தண்டில் வரிசையாக இருந்தன. லில்லிப் புழு என்பார்கள், பாலிடெலா குளோரியோசே என்கிற அந்துப்பூச்சியின் குழந்தைகள். இந்தச் செடியின் பெயரே அதன் பெயரில் இருக்கிறது என்றால் எவ்வளவு நாள் உறவு என்று பாருங்கள். தினம் காலையில் இலையின் அடியைத் திருப்பிப் பார்த்து, குட்டியாக இருக்கும்போதே பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். நிறைய வந்துவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி மாலையில் தெளியுங்கள்.

ஐப்பசி அடைமழையில் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து பரவினால் கருகல் நோய். அந்த இலைகளைக் கிள்ளி எடுத்து அப்புறப்படுத்துங்கள், கொடிகளுக்கு நடுவில் காற்று போகட்டும். கொடி மொத்தமும் திடீரென்று மஞ்சளாகித் துவண்டால் கீழே கிழங்கு அழுகுகிறது, அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மண்ணோடு தூக்கி எறிந்துவிட்டு மற்ற தொட்டிகளைப் பாருங்கள்.

பூ

புரட்டாசி வாக்கில் மொட்டு வரும். பச்சையாக, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நீளக் காம்பில் தொங்கும். விரிகிறபோது ஆறு இதழும் கீழே திறக்காமல் பின்பக்கமாக மடங்கி மேலே போகும், அதனால் கவிழ்ந்த பூ நிமிர்ந்த தீ மாதிரித் தெரிகிறது. முதல் நாள் அடியில் பச்சை கலந்த மஞ்சள், ஓரம் சுருள் சுருளாக. அடுத்தடுத்த நாளில் மேலிருந்து சிவப்பு இறங்கும். ஒரு கட்டத்தில் மேல் பாதி சிவப்பும் கீழ்ப் பாதி மஞ்சளும், கடைசியில் முழுக்கவே இரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிலையும் ஒரே நேரத்தில் இருக்கும். சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்குக் காந்தளை ஏன் உவமை சொன்னார்கள் என்பது, பாதி விரிந்த பூவைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பூ ஒரு வாரம் வரை நிற்கும், வெட்டிச் சாடியில் வைத்தாலும் நன்றாகத் தாங்கும். ஆனால் சாப்பாட்டு மேஜையில் வேண்டாமே.

விதை வேண்டுமென்றால் நீங்கள்தான் தேனீ

பூவைக் கீழிருந்து பாருங்கள். ஆறு மகரந்தத்தாள்கள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும். சூல்தண்டு மட்டும் சூலகத்தோடு சேருகிற இடத்திலேயே செங்கோணத்தில் மடங்கி, "உங்கள் சகவாசமே வேண்டாம்" என்கிற மாதிரி ஒரு பக்கமாக விலகி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வந்து போகும்தான், இருந்தாலும் அதை மட்டும் நம்பினால் காய் பிடிப்பது குறைவு. அதனால்தான் பயிர் செய்கிற தோட்டங்களில், பூக்கிற நாட்களில் காலை எட்டு மணிக்கு ஆட்கள் இறங்கி, பதினொன்று வரைக்கும் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். இந்த வேலையில் இடுப்பு போய்விடும், மாமா வீட்டில் நான் ஒரு காலை செய்து பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நாலு பூவுக்குச் சிரமமே இல்லை. மகரந்தப்பை வெடித்து மஞ்சள் பொடி தெரிகிற பூவிலிருந்து, சின்ன வாட்டர்கலர் பிரஷ்ஷால் பொடியைத் தொட்டு, இன்னொரு கொடியில் புதிதாக விரிந்த பூவின் சூல்தண்டு நுனியில் வையுங்கள். நுனி மூன்றாகப் பிளந்திருக்கும், அங்கேதான் பட வேண்டும். மழை பெய்து நனைந்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பிடித்துவிட்டால் இதழ் வாடினாலும் நடுவில் இருக்கிற பச்சைக் காய் பருத்துக்கொண்டே வரும்.

மார்கழி தையில் காய் வெளிறி, தோல் சுருங்க ஆரம்பிக்கும். வெடிக்கும் முன் பறித்து, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் பரப்பி வைத்தால் மூன்றாகப் பிளந்து உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் விதை தெரியும். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், அதுதான் பயம். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.

தூங்க வைப்பது

காய் முற்றும்போதே இலை மஞ்சளாகும். நிறைய பேர் இந்த இடத்தில் பதறிப்போய்த் தண்ணீரைக் கூட்டிக் கிழங்கைக் கொன்றுவிடுகிறார்கள். செடிக்கு நோய் ஒன்றும் இல்லை, மேலே இருப்பதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள். பச்சையாக இருக்கும்போது கொடியை வெட்டாதீர்கள், முழுசாகக் காய்ந்தபிறகு வெட்டுங்கள்.

தொட்டி மழைபடாத இடத்தில் இருந்தால் கிழங்கை எடுக்கவே வேண்டாம், அப்படியே ஒரு மூலையில் தள்ளி வைத்துவிடலாம். நான் இப்போதெல்லாம் இதைத்தான் செய்கிறேன், முனை உடைகிற வாய்ப்பே இல்லை. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் மண் காய்ந்தபிறகு தொட்டியை அப்படியே கவிழ்த்து, மண்கட்டியைக் கையால் உதிர்த்து எடுங்கள். மண்வெட்டி, களைக்கொத்து எதுவும் வேண்டாம். பழைய கிழங்கு சருகாகி ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் பக்கத்தில் புதுக் கவட்டை பளபளவென்று இருக்கும். கழுவாமல், நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். டப்பாவின்மேல் கொட்டை எழுத்தில் "விஷம், சாப்பிடக்கூடாது" என்று எழுதுங்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் யாராவது சர்க்கரைவள்ளி என்று எடுத்து அடுப்பில் வைத்துவிடக்கூடாது.

விதையும் போட்டுப் பார்க்க ஆசை இருந்தால், பறித்த அந்த வருடமே போட வேண்டாம், ஆறேழு மாதம் அதுவும் உறங்கும். அடுத்த ஆடியில் ஒரு இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மணல் கலந்த மண்ணில் விரல் கணு ஆழத்துக்கு விதையுங்கள். முதல் வருடம் புல் மாதிரி நாலு இலை வந்து, காய்ந்து, காணாமல் போகும். மண்ணுக்குள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு கிழங்கு இருக்கும், அந்தத் தொட்டியை யாரும் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை காலித் தொட்டி என்று நினைத்துக் கொட்டி, அதில் கொத்தமல்லி விதைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் முளைத்த கொத்தமல்லி மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்ணையும் மாற்றினோம்.